யாருடைய கட்டாயமும் இன்றி

எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் கட்டாயப்படுத்துவதே கிடையாது. சிரிக்காதீர்கள். காரைக்குடியில் பத்திர ஆபீசுக்கு எதிரே இருபத்தாறு வருஷமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவள் சொல்கிறேன். அடைக்கலமேரி ஜெராக்ஸ் என்றால் பாதி ஊருக்குத் தெரியும். என் மிஷினில் ஓடிய பத்திரம் ஒவ்வொன்றிலும் அந்த வரி இருந்தது: 'எனது சுயநினைவுடனும் முழுச் சம்மதத்துடனும், யாருடைய தூண்டுதலும் கட்டாயமும் இன்றி எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரம்.' அத்தனை தங்கச்சிகளும் அக்காமாரும் மனம் குளிர்ந்து தங்கள் பாகத்தை விட்டுக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எழுத்தில் அப்படித்தான் இருக்கிறது.

அந்தச் சொல்லை நாங்கள் வேறு இடத்தில் செலவழிப்போம். பத்திரிகை வைக்கும்போது 'கட்டாயம் வந்துரணும்' என்போம். பந்தியில் போதும் போதும் என்று இலையை மறைக்கிறவர் விரல் இடுக்கில் இன்னொரு கரண்டி பாயசத்தை ஊற்றிவிட்டு, 'கட்டாயப்படுத்துறேன்னு நெனைக்காதீக' என்போம். சொத்து என்று வந்தால் மட்டும் 'எடுத்துச் சொன்னோம்', 'முறையைச் சொன்னோம்', 'அதுவே புரிஞ்சுக்கிருச்சு'. அங்கே கட்டாயம் என்ற சொல் 'இல்லை' என்பதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வரும். கேட்டுக் கேட்டு எனக்கு வயிறு எரிந்து போயிற்று.

அடுத்த ஷட்டர் மலையம்மாளுடையது. லைசென்ஸ் வாங்கிய ஆவண எழுத்தர். எங்கள் வரிசையில் அந்த வேலை பார்க்கும் ஒரே பெண். ஐம்பத்து நாலு வயது, ஒடிசலான உடம்பு, சத்தமே வராத பேச்சு. அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. பாகம் விட்டுக்கொடுக்க ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு அண்ணன் தம்பிகள் வந்தால், 'நீங்க போயி டீ குடிச்சிட்டு வாங்க' என்று ஆம்பிளைகளை வெளியே அனுப்பிவிடுவாள். ஷட்டரைப் பாதி இறக்குவாள். பிறகு கேட்பாள்:

"யாரும் கட்டாயப்படுத்துறாகளாத்தா?"

முக்கால்வாசிப் பேர் "அதெல்லாம் இல்லக்கா, எங்கண்ணன் தங்கமான ஆளு" என்பார்கள். சொல்லி முடிப்பதற்குள் முந்தானை கண்ணுக்குப் போய்விடும். சிலர் எழுந்து நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போவார்கள். டீ குடித்துவிட்டு வந்த ஆம்பிளைகள் தையத்தக்கா என்று குதிப்பார்கள். 'அந்தக் கட்டாயக்காரிகிட்டப் போகாதீக, காரியம் கெட்டுரும்' என்று பெயர் பரவி, பக்கத்துக் கடைக்கு நாலு பத்திரம் வந்தால் இவளுக்கு ஒன்று வந்தது. அதற்கெல்லாம் அசைகிற ஆள் இல்லை அவள்.

காரணம் எனக்குத் தெரியும். இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் இதே ஆபீசில் இதே கேள்வியை அவளிடம் கேட்டார்கள். 'இல்லை' என்று பொய் சொன்னாள். அந்தப் பொய்யைச் சொல்ல வைத்தவர் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன் உடையப்பன். அவர் காது கேட்க, அதே மேசை முன்னால் நின்று, 'ஆமா' என்று ஒரு தடவை சொல்லிவிட வேண்டும். அவளுக்கு இந்த ஜென்மத்தில் வேறு ஆசை இருந்ததாக நான் பார்க்கவில்லை.

மலையம்மாள் பிறந்தது நாச்சியாபுரம், வாழ்க்கைப்பட்டது கண்டரமாணிக்கம். புருஷன் செல்வம் பஸ் கண்டக்டர், ஈ எறும்புக்குக்கூடக் கெடுதல் நினைக்காத மனுஷன். அவளுடைய அப்பா உயில் எழுதாமல் செத்துப்போனார். மகளுக்கும் சமபங்கு என்று சட்டம் வந்து அப்போது ஏழு வருஷம். அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்த உடையப்பனுக்கு அந்தச் சட்டம் தொண்டையில் முள்ளாகக் குத்தியிருக்கிறது. நேரே கேட்டால் தங்கச்சி யோசிப்பாள் என்று அவருக்குத் தெரியும். அதனால் காத்திருந்தார்.

மகள் ரேணுகாவுக்கு ஒரு வயதில் குன்றக்குடியில் முடியிறக்கிக் காது குத்த நாள் குறித்தார்கள். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். மடி கொடுக்க மாமன் வராவிட்டால் பிள்ளைக்கு மாமன் வீடே இல்லை என்று ஊர் பேசும். பத்திரிகையில் உடையப்பன் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டாயிற்று. காதுகுத்து ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை காலையில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வெற்றிலை பாக்கு பழத்தட்டோடு அண்ணனை முறைப்படி அழைக்கப் போனாள்.

தட்டை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு அவர் சொன்னார்: "மடியில வச்சுக்கிறதுக்கு என்ன, வச்சுக்கிறேன். அதுக்கு முன்னாடி காரைக்குடி வரைக்கும் போயிட்டு வந்துருவோம். கார் நிக்கிது."

"எதுக்குண்ணே?"

"ஒரு கையெழுத்து. போட்டேன்னா ஞாயித்துக்கெழம குன்றக்குடியில நிப்பேன். போடலேன்னா என் மடியைத் தேடாத. ஒன் இஷ்டம்த்தா. நான் ஒண்ணும் கட்டாயப்படுத்தலே."

அதே வார்த்தைகள். எத்தனையோ தடவை எனக்குச் சொல்லியிருக்கிறாள், ஒரு எழுத்து மாறியதில்லை. பத்திரம் முந்தின நாளே டைப் அடித்துத் தயாராக இருந்ததாம். பாவி மனுஷன்!

ஆபீசில் கையெழுத்துக்கு முன்னால் உடையப்பன், "பிள்ளைய இங்குட்டுக் குடு, மை ஒட்டிக்கிரும்" என்று குழந்தையை வாங்கிக்கொண்டார். அங்கே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டார். அப்போதிருந்த ரெஜிஸ்ட்ரார் வயதானவர், நல்ல மனுஷன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "யாரும் கட்டாயப்படுத்துனாங்களாம்மா?" என்று கேட்டிருக்கிறார். மலையம்மாள் திரும்பிப் பார்த்தாள். மாமன் மடியில் பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தது. உடையப்பன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இல்லை சார்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வந்து மடி கொடுத்தார், அரைப் பவுனில் தோடு போட்டார். 'தாய்மாமன்னா இப்படியில்ல இருக்கணும்' என்று வந்தவர்களெல்லாம் மெச்சினார்கள். ஆசாரி ஊசியை வைத்ததும் பிள்ளை வீறிட்டது. கூடவே மலையம்மாளும் அழுதாள். பிள்ளை அழுவதைத் தாங்கவில்லை போலிருக்கிறது என்று பெண்கள் அவளைத் தேற்றினார்கள். செல்வத்துக்கே ஒரு வாரம் கழித்துத்தான் சொன்னாள்.

கல்யாணத்துக்கு முன்னால் டைப்ரைட்டிங் படித்திருந்தாள். மறு வருஷமே காரைக்குடிக்கு வேலைக்கு வந்தாள். எங்கே தெரியுமா? அவளுடைய பத்திரத்தை எழுதிய அதே எழுத்தரிடம். முதல் மாதச் சம்பளத்தில் அந்தப் பத்திரத்துக்கு நகல் போட்டு வாங்கினாள். அப்பாவுக்கு இருந்தது மூன்று இடம். நகலில் இரண்டு சர்வே நம்பர்தான் இருந்தது. மூன்றாவது, மெயின் ரோட்டோரம் ஒரு ஏக்கர் நாற்பது சென்ட் பொட்டல், சீமைக்கருவேலம் மண்டிக் கிடப்பது. அதைக் காணோம்.

எழுத்தரைக் கேட்டாள். அவர் சிரித்தார். "உங்கண்ணன்தாம்மா வேணாம்னுட்டாரு. முள்ளுக்காட்டுக்கு எதுக்கு முத்திரைத்தாளுக்குக் காசு, அதை யாரு கேக்கப்போறான்னாரு."

கஞ்சன்! தங்கச்சியின் வயலை மொத்தமாக விழுங்கத் தெரிந்தது, நாலு முத்திரைத்தாள் வாங்க மனசு வரவில்லை. மலையம்மாள் அந்த நகலை மடித்து மேசை டிராயரில், விரித்த தாளுக்கு அடியில் வைத்தாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. ரொம்ப வருஷம் கழித்து என்னிடம் மட்டும் எடுத்துக் காட்டினாள்.

"அவரு ஒரு நாளைக்கி வந்துதான் ஆகணும் மேரி. அன்னைக்கி அந்த மேசையில நின்னு ஆமான்னு சொல்றேன்."

அப்போது அவள் முகத்தைப் பார்த்து எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, பொய் எதற்கு.

போன வருஷம் அந்த ரோட்டை அகலப்படுத்தினார்கள். பெட்ரோல் பங்க் வைக்க ஒரு கட்சிக்காரர் பொட்டலைக் கேட்டு வந்தார். வில்லங்கம் போட்டுப் பார்த்ததும் 'தங்கச்சி கையெழுத்து இல்லாமல் வாங்க மாட்டேன்' என்றுவிட்டார். தை மாதம் ஒரு காலைப்பொழுதில் உடையப்பன் இரண்டு சீப்புப் பழமும் ஒரு ஸ்வீட் பெட்டியுமாக மலையம்மாள் கடையில் வந்து இறங்கினார். கல்யாணம் காட்சி என்றால் முறைக்குப் பார்த்துக்கொள்வார்கள். கடைக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. நான் ஜெராக்ஸ் எடுக்கிற சாக்கில் அங்கேயே நின்றுகொண்டேன்.

"என்ன மலை, கடையெல்லாம் அம்சமா வச்சிருக்க. ஒண்ணுமில்ல, அந்தப் பொட்டக்காட்டுல உன் பேரும் வருதாம். அன்னைக்கி எழுதுனவன் ஏதோ விட்டுட்டான்."

"எழுதுனவரு விடலண்ணே. நீங்க விடச் சொன்னீக."

அவர் ஸ்வீட் பெட்டியின் நூலைத் தடவினார். பிறகு பழைய ஆள் வெளியே வந்தார்.

"இந்தா பாரு. சுத்தி வளைக்க எனக்குத் தெரியாது. நாளப்பின்ன உனக்கு ஒண்ணுன்னா பொறந்த வீட்டுக் கோடி எங்க வீட்டுலேருந்துதான் வரணும். நீ கையெழுத்துப் போடலேன்னு வையி, நானும் கொண்டாரமாட்டேன், எம் மகன் அஜித்தும் கொண்டாரமாட்டான். கோடியில்லாமப் போ. ஒன் இஷ்டம். நான் ஒண்ணும் கட்டாயப்படுத்தலே."

ஒரு பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து புதுச்சேலை வந்து மேலே போர்த்திய பிறகுதான் தூக்குவார்கள். அதுதான் கோடி. எங்கள் வேதக்காரக் கிறிஸ்தவர்களிலும் உண்டு. அண்ணன் தம்பி கொண்டுவந்த சேலையைப் போர்த்தாமல் பெட்டியை மூட மாட்டார்கள். கோடி வராத பிணத்தைப் பற்றி ஊர் எப்படிப் பேசும் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், அந்த ஆளுக்கும் தெரியும். மடியில் ஆரம்பித்துப் பாடையில் வந்து நிற்கிறார்! கையிலிருந்த பேப்பர் கட்டை அவர் தலையில் போட்டிருப்பேன். மலையம்மாள் கண்ணாலேயே என்னை அடக்கினாள்.

அவர் போனதும் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். இருபத்தாறு வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"அடியே, சேலைதானே! பட்டாவே எடுத்து நான் போர்த்துறேன்டி" என்றேன்.

"நீ போர்த்துனா அது கோடியாகாது மேரி."

ரேணுகா போன் பண்ணினாள். அவளுக்கே இப்போது கல்யாணமாகி ஒரு பிள்ளை. "போட்டுக் குடுத்துருங்கம்மா. மாமாகூட எதுக்கு வம்பு? என் காதுகுத்துலேருந்து கல்யாணம் வரைக்கும் முறை செஞ்சவுக" என்றாள். மலையம்மாள் அவளைத் திட்டவில்லை. "அந்தத் தோடு இன்னும் வச்சிருக்கியா?" என்று மட்டும் கேட்டாள்.

மூன்றாம் நாள் என் எதிரிலேயே அண்ணனுக்குப் போன் போட்டாள். "கையெழுத்துக்கு வாரேண்ணே. வெள்ளிக்கெழம வச்சுக்கிருவோம்."

போனில் அவர் சிரித்தது எனக்கே கேட்டது. "அதான பாத்தேன். பத்திரத்தையும் நீயே அடிச்சிரு. எழுத்துக்கூலி மிச்சம்."

இந்த மனுஷன் திருந்துவதற்கு இல்லை. மலையம்மாளோ சரியென்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அடிக்க ஆரம்பித்தாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இத்தனை வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, ஒரு துணிக்குப் பயந்து விழுந்துவிட்டாளே! 'யாருடைய தூண்டுதலும் கட்டாயமும் இன்றி' என்ற வரியை அவள் விரல்கள் அடிப்பதைப் பார்க்கச் சகிக்காமல் என் கடைக்கு வந்துவிட்டேன். அன்று முழுக்க அவளோடு பேசவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் அவளே வந்தாள். "வா, ஜவுளிக்கடைக்குப் போவோம்."

காரைக்குடிக் கண்டாங்கியாகப் பார்த்தாள். முப்பது சேலையைப் புரட்டிப் போட்டு, அரக்கும் மஞ்சளும் கட்டம் போட்டு அகலக் கரை வைத்த ஒன்றை எடுத்தாள். கடைக்காரர், "வீட்டுல விசேஷமாக்கா?" என்று கேட்டார்.

"ஆமா. எனக்குக் கோடி" என்றாள்.

அந்த மனுஷன் கை அப்படியே நின்றுவிட்டது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. அங்கேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன்டி, அந்தாளு கோடியே வேணாம்னு முடிவு பண்ணிட்டியா?"

"எங்கப்பா வீட்டுல பொறந்தவதான நானும். நான் எடுத்தாலும் பொறந்த வீட்டுக் கோடிதான்."

"நாளைக்கி என்ன சொல்லப்போற?"

"அந்த ரெஜிஸ்ட்ரார் அம்மா கேக்கணுமே மேரி. இப்ப யாரு கேக்குறா?"

அதுதான் எனக்கும் பயம். இப்போது எல்லாம் அவசரம். காலையில் நாற்பது டோக்கன். புதிதாக வந்திருக்கும் ரெஜிஸ்ட்ரார் மேடம் நல்ல பெண்தான். ஆனால் போட்டோ, கைரேகை, அடுத்த டோக்கன் என்று பஸ்ஸில் டிக்கெட் கிழிப்பதுபோல் ஓடிக்கொண்டிருப்பார். கேட்காமலேயே பதிந்துவிட்டால் நிலமும் போச்சு, வாய்ப்பும் போச்சு. அன்றைக்கு மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை உடையப்பன் மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டியில் வந்தார். கூடவே அஜித், நிலம் வாங்குகிற கட்சிக்காரர். சாட்சிக்கு நானும் அஜித்தும். டோக்கன் இருபத்து மூன்று. உள்ளே போனதும் உடையப்பன் பழக்கதோஷம்போலச் சுவரோரத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். இந்தத் தடவை மடியில் பிள்ளை இல்லை, பணப்பை இருந்தது.

மேடம் பத்திரத்தைப் புரட்டினார். மலையம்மாளைக் கேமரா முன்னால் நிறுத்தினார்கள். போட்டோ விழுந்தது. மேடம் தலை நிமிரவில்லை. "ரேகை வைங்கம்மா" என்றார். மலையம்மாள் மிஷின் வரைக்கும் விரலைக் கொண்டுபோனாள். பிறகு எடுத்துக்கொண்டாள்.

"மேடம், நீங்க ஒண்ணு கேக்கணும்."

"என்னம்மா?"

"யாரும் கட்டாயப்படுத்துனாகளான்னு எங்கிட்டக் கேக்கணும்."

மேடம் அப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"சரி, சொல்லுங்க. யாராவது உங்களைக் கட்டாயப்படுத்தினாங்களா?"

"ஆமா."

சத்தமாகச் சொன்னாள். அந்தத் தொண்டையில் அவ்வளவு சத்தம் இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. திரும்பி, நாற்காலியைக் கை நீட்டிக் காட்டினாள்.

"அந்தா உக்காந்திருக்காரே, எங்கண்ணன் உடையப்பன், அவரு கட்டாயப்படுத்துனாரு. கையெழுத்துப் போடலேன்னா நான் செத்தாக் கோடி வராதுன்னாரு. இருபத்தெட்டு வருசத்துக்கு முன்னாடி இதே எடத்துல, எம் பிள்ளைய மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. போடலேன்னா காதுகுத்துக்கு மடி தரமாட்டேன்னு சொல்லித்தான் கூட்டியாந்தாரு. அன்னைக்கிக் கேட்டாக, இல்லேன்னு பொய் சொன்னேன். இன்னைக்கி உண்மையச் சொல்றேன்."

உடையப்பன் எழுந்தார். "நான் எங்கம்மா கட்டாயப்படுத்துனேன்? முறையத்தானே சொன்னேன்!"

மேடம் பத்திரத்தை மூடினார். "எழுதிக் கொடுக்கறவங்களே ஒத்துக்கலைன்னா நான் பதிய முடியாதுங்க. எடுத்துட்டுப் போங்க." அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள். கட்சிக்காரர் உடையப்பன் கையிலிருந்த பணப்பையைத் திரும்ப வாங்கிக்கொண்டு படியிறங்கிவிட்டார். வரிசையில் நின்றிருந்த பெண்களெல்லாம் உடையப்பனையே பார்த்தார்கள். மடிப்புக் கலையாத அந்த வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் வெளியே போன போக்கு இருக்கிறதே, நான் இன்னும் பத்து வருஷத்துக்கு நினைத்து நினைத்துச் சிரிப்பேன்.

சும்மா விட்டாளா? அதுதான் இல்லை. பத்து நாள் கழித்து அஜித் அப்பாவைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தான். நல்ல பையன்தான். "அத்தை, பாதிக்குப் பாதி பிரிச்சுக்கிருவோம். அப்பாவும் சம்மதிச்சுட்டாக" என்றான்.

"பாதி என்னுதுதானேப்பா, அதை நீங்க என்ன தாறது?" என்றாள் மலையம்மாள். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து மேசையில் வைத்தாள், பேனாவையும் வைத்தாள். "உங்கப்பாவை ஒரே ஒரு வரி எழுதித் தரச் சொல்லு. 'என் தங்கச்சி மலையம்மாளை நான் கட்டாயப்படுத்தினேன்'னு. அம்புட்டுத்தான். அப்புறம் எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடுறேன்."

"எழுதிருங்கப்பா, ஒரு வார்த்தைதானே" என்றான் அஜித்.

உடையப்பன் பேனாவை எடுத்தார். 'என் தங்கச்சி' என்றுகூட எழுதினார். அதற்குமேல் கை ஓடவில்லை. ஃபேன் காற்றில் தாள் படபடத்தது. மலையம்மாள் மூக்குக்கண்ணாடி வழியாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், இரக்கத்தின் சாயல்கூட இல்லாமல். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கும் இரக்கம் வரவில்லை. கடைசியில் அவர் பேனாவை வைத்துவிட்டார். பெட்ரோல் பங்க் வேறு இடத்தில் வந்துவிட்டது. பொட்டலில் கருவேலம் நன்றாகத்தான் வளர்கிறது. வேலைக்கு வரும்போது பஸ் ஜன்னலில் தினமும் பார்த்துக்கொண்டுதான் வருகிறாள்.

அன்றைக்குப் பேனாவை வைத்துவிட்டு வாசல்வரை போன உடையப்பன் திரும்பி நின்றார். அப்போதுதான் அவள் சேலையைக் கவனித்தார். அரக்கும் மஞ்சளும் கட்டம் போட்ட கண்டாங்கி, கரை விறைப்புக்கூட இன்னும் போகவில்லை. வேறு பேச்சு கிடைக்காமலோ என்னவோ, "புதுச்சேலையா?" என்று கேட்டார்.

மலையம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"பொறந்த வீட்டுக் கோடிண்ணே. நானே எடுத்து உசுரோட கட்டிக்கிட்டேன். இனிமே நீங்க எதுக்கும் மெனக்கெட வேணாம்."